கூண்டுப் பறவைக்கும் வேலை வேண்டும்

அந்தமானில் பத்துபஸ்தி என்று ஓர் ஊர். தெற்கு அந்தமானில், போர்ட் பிளேயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. போர்ட் பிளேயருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். பஸ்தி என்றால் இந்தியில் குடியிருப்பு. தமிழ், வங்காளம், இந்தி, தெலுங்கு, மலையாளம் என்று பல மொழிகள் கேட்கும் பகுதி இது.

அங்கே ஒரு தச்சர் வீடு. வாசலில் ஒரு கம்பிக் கூண்டு தொங்குகிறது. கூண்டில் இரண்டு சின்னப் பறவைகள். ஒன்று பச்சை. ஒன்று நீலம். தச்சரின் மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் பிறந்த நாளுக்கு அப்பா வாங்கிக் கொடுத்தார். "லவ் பேர்ட்ஸ்" என்று சொல்லிக் கடைக்காரர் விற்றார்.

நான்கு மாதம் போயிற்று. ஒரு நாள் காலையில் மகள் ஓடி வந்தாள்.

"அம்மா, பச்சைக்கு நெஞ்சில் இறகே இல்லை. தோல் தெரியுது."

அம்மா வந்து பார்த்தாள். உண்மைதான். கூண்டுக்கு அடியில் குட்டி இறகுகள் கிடந்தன.

"பூச்சி கடிச்சிருக்கும்" என்றார் அப்பா. பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் தூள் பூசச் சொன்னார். பூசினார்கள். பயன் இல்லை. இன்னும் கொஞ்சம் இறகு போயிற்று.

அம்மா கூண்டைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா பறவையைக் கையில் எடுத்தார். இறகை விலக்கிப் பார்த்தார். எச்சத்தைப் பார்த்தார். என்ன தீனி கொடுக்கிறார்கள் என்று கேட்டார்.

"பேன் இல்லை. பூச்சி இல்லை. புண்ணும் இல்லை. இது தன் இறகைத் தானே பிடுங்குது" என்றார்.

"தன் இறகைத் தானே பிடுங்குமா, டாக்டரம்மா? வலிக்காதா?"

"வலிக்கும். ஆனால் கூண்டில் இதுக்கு வேற என்ன வேலை இருக்குது, சொல்லுங்க."

அம்மா கூண்டைப் பார்த்தாள். ஒரு தீனிக் கிண்ணம். ஒரு தண்ணீர்க் கிண்ணம். உட்கார ஒரு வழவழப்பான கம்பு. வேறு ஒன்றும் இல்லை.

காட்டில் இதன் ஒரு நாள்

கடையில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் இந்தப் பறவையின் சரியான பெயர் பட்ஜெரிகார். இதுவும் கிளி இனம்தான். இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. 1840-இல் ஜான் கூல்ட் என்ற ஆங்கிலேயர் உயிருள்ள பறவைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அங்கிருந்து உலகம் எல்லாம் பரவிற்று. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அது வேறு பறவை.

ஆஸ்திரேலியாவில் பட்ஜெரிகார்கள் கூட்டமாக வாழ்கின்றன. ஒரே கூட்டத்தில் ஆயிரக் கணக்கில் பறக்கும். மழை பெய்த இடத்தைத் தேடிப் போகும். புல் விதைகளை ஒவ்வொன்றாக உரித்துத் தின்னும். மரப் பொந்தைத் தேடும். பொந்தின் வாயைக் கடித்துச் சரி செய்யும். பருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். விடிந்தது முதல் இருட்டும் வரை வேலை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். அந்தமான் காட்டையே பாருங்கள். பத்துபஸ்திக்குத் தெற்கே கடற்கரை ஓரமாகச் சிடியா டாப்பு இருக்கிறது. சிடியா என்றால் இந்தியில் பறவை. அங்கே நெஞ்சு சிவந்த கிளிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறக்கும். நீண்ட வால் கிளியும் உண்டு. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தூங்கும் குட்டிக் கிளியும் உண்டு. காலையில் போய் ஒரு மணி நேரம் கவனித்தால் போதும். ஒரு கிளிகூடச் சும்மா இருக்காது. பழத்தைக் குடையும். பட்டையை உரிக்கும். இலையைக் கிழித்துக் கீழே போடும்.

கிளியின் அலகு நம் நகம் போன்றது. வாழ்நாள் முழுவதும் வளரும். எதையாவது கடித்துத் தேய்க்க வேண்டும். கூண்டில் கடிக்க ஒன்றும் இல்லை என்றால் கம்பியைக் கடிக்கும். கூடவே இருக்கும் பறவையைக் கடிக்கும். சில பறவைகள் தங்கள் இறகையே கடிக்கும்.

2003-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து எழுதினார்கள். சில அமேசான் கிளிக் குஞ்சுகளை வெறும் கூண்டில் வளர்த்தார்கள். வேறு சில குஞ்சுகளுக்குத் தீனியை ஒளித்து வைத்துத் தேட விட்டார்கள். ஏறவும் கடிக்கவும் பொருள்கள் தந்தார்கள். வெறும் கூண்டுக் கிளிகள் இறகைப் பிடுங்கின. மற்றவை நன்றாக இருந்தன. பிறகு வெறும் கூண்டுக் கிளிகளுக்கும் அதே பொருள்களைக் கொடுத்தார்கள். அவற்றின் இறகும் தேறிற்று.

ஆகவே பறவையின் விளையாட்டுச் சாமான் அலங்காரப் பொருள் அல்ல. அதுதான் அதன் வேலை. ஆனால் ஒன்று. நோயினாலும் இறகு கொட்டும். பேனாலும் கொட்டும். சத்துக் குறைவாலும் கொட்டும். முதலில் கால்நடை டாக்டரிடம் காட்டிய பிறகே பொம்மையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கடைப் பொம்மை

அப்பா அன்று மாலையே கடைக்குப் போனார். பறவைப் பொம்மை கேட்டார். ஒரு பிளாஸ்டிக் ஏணி, ஒரு கண்ணாடி, ஒரு சங்கிலி, சங்கிலி முனையில் ஒரு சலங்கை. எல்லாம் பளபள என்று இருந்தன. வாங்கி வந்து மாட்டினார்.

பொம்மையைத் தொங்கவிடக் கயிறு வேண்டும். வீட்டில் மீன் பிடிக்கும் தூண்டில் நரம்பு இருந்தது. மெல்லிய நைலான் நரம்பு. அறுந்து போகாது. அதில் கட்டினார்.

மறுநாள் விடியும் முன்பே கூண்டில் சத்தம். அம்மா விளக்கைப் போட்டாள். நீலப் பறவை ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இருந்தது. தூண்டில் நரம்பு ஒரு விரலைச் சுற்றி இறுக்கிவிட்டது. பறவை அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ள இன்னும் இறுகியது.

"ஏங்க, சீக்கிரம் வாங்க!"

அப்பா பறவையைத் துணியில் பொதிந்து பிடித்தார். அம்மா நகம் வெட்டும் கத்தரியால் நரம்பை வெட்டினாள். விரல் கறுத்து வீங்கி இருந்தது. மருத்துவமனையில் மருந்து போட்டார்கள். உயிர் பிழைத்தது. ஆனால் அந்த விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

கூண்டில் இருந்த பொம்மைகளை டாக்டரம்மா கொண்டு வரச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

தூண்டில் நரம்பு கூடவே கூடாது. மெல்லிய நூலும் கூடாது. பிரிந்து தொங்கும் கயிறும் அப்படித்தான். விரலில் சுற்றும். கழுத்திலும் சுற்றும். இழையை விழுங்கினால் தீனிப்பையில் அடைத்துக்கொள்ளும். தடிமனான பருத்திக் கயிறு நல்லது. அதுவும் குட்டையாக இருக்க வேண்டும். நுனி பிரிந்தால் உடனே வெட்டிவிட வேண்டும்.

சலங்கையில் ஒரு கீறல் இருக்கும். உள்ளே ஒரு குண்டு இருக்கும். பறவையின் விரலும் அலகும் அந்தக் கீறலில் மாட்டிக்கொள்ளும். மணி வேண்டும் என்றால் பூசை மணி போல் வாய் திறந்த மணி வாங்கலாம். அதன் நாக்கு கழன்று வராமல் உறுதியாக இருக்க வேண்டும். எவர்சில்வர் மணி கிடைத்தால் மிகவும் நல்லது.

சங்கிலியைப் பாருங்கள். கண்ணிகள் எந்த அளவு? எந்த ஓட்டைக்கும் ஒரே கணக்குத்தான். விரல்கூட நுழையாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். அல்லது பறவையே தாராளமாக நுழைந்து வெளியே வரும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். நடுத்தரமான ஓட்டைதான் ஆபத்து. தலை போகும், திரும்பி வராது. சாவி வளையம், திறந்த கொக்கி இரண்டும் வேண்டாம். திருகி மூடும் எவர்சில்வர் வளையம் நல்லது.

"பிளாஸ்டிக் ஏணி?" என்று மகள் கேட்டாள்.

"உன் பறவை சின்னது. கெட்டியான பிளாஸ்டிக்கை அதால் உடைக்க முடியாது. பெரிய கிளிக்கு இதே ஏணியைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் தூள். துண்டை விழுங்கிவிடும். சின்னப் பறவைக்குச் சின்னது, பெரிய பறவைக்குப் பெரியது. மாற்றிக் கொடுக்கக் கூடாது."

கண்ணாடி? தனியாக இருக்கும் பறவை கண்ணாடியைத் துணை என்று நினைத்துக்கொள்ளும். நாள் முழுவதும் அதன் முன்னாலேயே உட்காரும். தின்ற தீனியைக் கக்கிக் கண்ணாடிக்கு ஊட்டப் பார்க்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். பறவைக்கு அது ஏமாற்றம்தான். இரண்டு பறவைகள் இருக்கும் கூண்டில் கண்ணாடியே தேவை இல்லை.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. கூண்டில் ஒரு மண் சட்டியைக் கட்டித் தொங்கவிடுகிறோம். அது பொம்மை அல்ல. அது கூடு. கூட்டைக் கண்டால் பெண் பறவை முட்டை இடும். திரும்பத் திரும்ப முட்டை இட்டால் உடம்பில் சுண்ணாம்புச் சத்துக் குறையும். பறவை இளைத்துப் போகும். குஞ்சு வேண்டாம் என்றால் சட்டியை எடுத்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

அந்தமான் வீடுகளில் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் மீன் வலை இருக்கிறது. வலையிலும் தூண்டிலிலும் ஈயக் குண்டு கட்டுவார்கள். ஈயம் பறவைக்குக் கொடிய விஷம். மணி போல் ஆடட்டும் என்று ஈயக் குண்டைக் கூண்டில் கட்டாதீர்கள். பற்றவைத்த ஈயம் இருக்கும் பழைய சாமானும் வேண்டாம்.

பழைய பெயின்ட்டிலும் ஈயம் உண்டு. புதிய வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவைக் குறைக்க இந்திய அரசு 2016-இல் விதி செய்தது. 2017 நவம்பரில் அது நடப்புக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னல், கட்டில் துண்டுகளைப் பறவைக்குக் கொடுக்கக் கூடாது.

அடுத்தது துத்தநாகம். ஜி.ஐ. கம்பியின் மேல் பூச்சு துத்தநாகம்தான். கடல் காற்றில் அந்தப் பூச்சு சீக்கிரம் அரிக்கும். கம்பியில் வெள்ளைப் பொடி படியும். பறவை அதை நக்கும், கடிக்கும். பிறகு நிறையத் தண்ணீர் குடிக்கும். வாந்தி எடுக்கும். எச்சம் தண்ணீராகப் போகும். சோர்ந்து கூண்டின் அடியில் உட்காரும். அப்படிக் கண்டால் கைவைத்தியம் வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

புதிய கூண்டு வாங்கினால் வினிகர் கலந்த தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேயுங்கள். நல்ல தண்ணீரில் அலசுங்கள். வெயிலில் காய வையுங்கள். இதனால் ஆபத்துக் குறையும். முழுவதும் போகாது. பொம்மை கட்டும் கம்பியாவது எவர்சில்வராக இருக்கட்டும்.

சிவப்பும் கறுப்புமாகக் குன்றிமணி இருக்கிறதே, அதைக் கோத்து அழகுக்குக் கட்டுபவர்கள் உண்டு. குன்றிமணி கடும் விஷம். அரளிக் குச்சியும் விஷம். இரண்டும் கூண்டுப் பக்கம் வரக் கூடாது.

தச்சர் செய்த பொம்மை

"அப்போ எதைத்தான் கட்டுறது?" என்று அப்பா கொஞ்சம் கோபமாகவே கேட்டார். காசு போன கோபம். விரல் போன வருத்தமும் சேர்ந்து இருந்தது.

டாக்டரம்மா சிரித்தார். "நீங்க தச்சர்தானே? அந்தமானில்தானே இருக்கீங்க? கடைக்கே போக வேண்டாம்."

முதலில் உட்காரும் கம்பை மாற்றினார்கள். கொய்யாக் கிளை ஒன்று, வேப்பங்கிளை ஒன்று. பூச்சி மருந்து அடிக்காத மரத்தில் வெட்டினார்கள். கழுவிக் காய வைத்தார்கள். பட்டையை உரிக்கவில்லை. உரிப்பது பறவையின் வேலை. கிளை ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தது. கால் விரல்களுக்கு அதுதான் நல்லது. ஒரே அளவுக் கம்பில் எப்போதும் நின்றால் பாதத்தில் ஒரே இடம் அழுந்திப் புண் வரும்.

பட்டறையில் மரத் துண்டுகள் நிறைய. ஆனால் எல்லாம் ஆகாது. வார்னிஷ் பூசியது, பாலிஷ் போட்டது, கறையான் மருந்து தடவியது எல்லாவற்றையும் அப்பா ஒதுக்கினார். பிளைவுட்டில் பசை இருக்கிறது. அதையும் ஒதுக்கினார். கடைசியில் மூங்கிலை எடுத்தார். ஒரு சாண் நீளத்தில் வெட்டி, சிலாம்பு இல்லாமல் தேய்த்தார். பக்கத்தில் சில துளைகள் போட்டார்.

மகள் அந்தத் துளைகளில் தென்னை ஓலைத் துண்டுகளைச் செருகினாள். பறவை ஓலையை இழுக்கும். கிழிக்கும். ஈர்க்குச்சியின் கூர்முனையை மட்டும் வெட்டிவிட வேண்டும்.

அம்மா ஒரு கொட்டாங்கச்சியை எடுத்தாள். உள்ளே ஒட்டிய தேங்காயைச் சுரண்டினாள். ஒட்டி இருந்தால் அழுகும், எறும்பு வரும். இரண்டு துளை போட்டுப் பருத்திக் கயிற்றில் தொங்கவிட்டாள். அதில் கொஞ்சம் தினையைப் போட்டு, மேலே முருங்கைக் கீரையை வைத்து மூடினாள். தினை வேண்டும் என்றால் பறவை கீரையை விலக்க வேண்டும். இதுதான் தேடும் வேலை.

காகிதமும் நல்ல பொம்மை. எழுதாத வெள்ளைத் தாளில் நாலு தினையை வைத்து மிட்டாய் போல் முறுக்கிப் போடலாம். ஸ்டேப்ளர் பின், பசை நாடா, வழவழப்பான வண்ணத் தாள் மூன்றும் வேண்டாம்.

கணவாய் வாங்கும் வீட்டில் அதன் வெள்ளை ஓட்டைத் தூக்கி எறிய வேண்டாம். நல்ல தண்ணீரில் சில நாள் ஊற வைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, வெயிலில் காய வையுங்கள். உப்புப் போகும். கூண்டில் செருகினால் பறவை சுரண்டித் தின்னும். சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். அலகும் தேயும். ஆனால் கடற்கரையில் பவளப் பாறைத் துண்டைப் பொறுக்கி வந்து கட்டக் கூடாது. பவளம் 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது.

எல்லாப் பொம்மையையும் ஒரே நாளில் கூண்டுக்குள் போடவில்லை. பறவைக்குப் புதுப் பொருள் என்றால் பயம். முதல் இரண்டு நாள் கூண்டுக்கு வெளியே தொங்கவிட்டார்கள். பார்த்துப் பழகியது. பிறகு உள்ளே வைத்தார்கள். மூன்றுக்கு மேல் வைக்கவில்லை. சிறகை விரிக்க இடம் வேண்டும் அல்லவா? வாரம் ஒரு முறை ஒன்றை எடுத்து வேறு ஒன்றை வைத்தார்கள்.

முதல் வாரம் பச்சைப் பறவை ஓலையைத் தொடவே இல்லை. மகளுக்கு அழுகை வந்தது. பத்தாம் நாள் ஒரு துண்டை இழுத்துக் கீழே போட்டது. அடுத்த நாள் கூண்டின் அடி முழுவதும் ஓலைத் தூள்.

"தினமும் பெருக்க வேண்டி இருக்கே" என்றாள் அம்மா.

பெருக்கத்தான் வேண்டும். கீழே குப்பை விழுந்தால் மேலே பறவை வேலை செய்கிறது என்று பொருள். இரண்டு மாதத்தில் பச்சையின் நெஞ்சில் பஞ்சு போல் சின்ன இறகுகள் முளைத்தன. நான்கு விரல் இருந்த நீலத்தின் காலில் மூன்று விரல்தான். அதோடு கிளையில் ஏறப் பழகிக்கொண்டது.

"எங்க கிளிக்கும் செய்யலாமா?"

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்தார். "எங்க தோத்தாவுக்கும் இப்படி ஒண்ணு செஞ்சு குடுங்கண்ணே" என்றார். தோத்தா என்றால் இந்தியில் கிளி. அவர் வீட்டில் இருந்தது நெஞ்சு சிவந்த கிளி. யாரோ காட்டு மரப் பொந்தில் குஞ்சாக எடுத்து வந்து விற்றது.

இங்கே பொம்மை செய்வது சரியான பதில் அல்ல. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் காட்டுக் கிளிகளைப் பாதுகாக்கிறது. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. பச்சைக் கிளி, நெஞ்சு சிவந்த கிளி, மலை மைனா எதையும் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். சிறையும் உண்டு. அபராதமும் உண்டு. வெளிநாட்டுப் பறவைகளிலும் மக்கா, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவற்றை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிப்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும். பட்ஜெரிகாருக்கு அந்தப் பதிவு வேண்டாம்.

அக்கா பயந்துவிட்டார். "இப்பவே திறந்து விட்டுடறேன்" என்றார்.

அதுவும் கூடாது. குஞ்சிலிருந்து கையில் ஊட்டி வளர்ந்த கிளிக்குத் தீனி தேடத் தெரியாது. காக்கையும் பருந்தும் விடாது. வனத்துறை அலுவலகத்தில் சொல்லி ஒப்படைக்க வேண்டும். மறுநாள் தச்சரும் அக்காவும் சேர்ந்துதான் போனார்கள். திரும்பி வரும் வழியில் அக்கா ஒன்றும் பேசவில்லை. மூன்று வருடம் பேர் சொல்லிக் கூப்பிட்ட கிளி.

மழைக்காலத்தில்

அந்தமானில் மே மாதம் மழை தொடங்கும். டிசம்பர் வரைகூட விட்டு விட்டுப் பெய்யும். வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லி மீட்டர் மழை. துணி காயாது. ஓலையும் நாரும் மரமும் காயாது. பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணத் தூள் பறவையின் மூச்சுப் பையில் போய்ப் படியும். மூச்சு வாங்கும். வாலை ஆட்டி ஆட்டி மூச்சு விடும். முற்றினால் பிழைப்பது கடினம்.

அதனால் தச்சர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பொம்மைகளை வெளியே எடுப்பார்கள். மகள் கயிற்றின் நுனியைப் பார்ப்பாள். அப்பா மூங்கிலில் வெடிப்பு உண்டா என்று தடவிப் பார்ப்பார். அம்மா கொட்டாங்கச்சியைக் கொதிநீரில் கழுவி, அடுப்புப் பக்கத்தில் காய வைப்பாள். கறுத்துப்போன ஓலையையும் வாடை வரும் நாரையும் கழுவிப் பயன்படுத்துவது இல்லை. புதிதாக வெட்டிக்கொள்கிறார்கள். அந்தமானில் தென்னைக்கா பஞ்சம்?